தொள்ளாயிரத்தில் நிற்காத வண்டி

காலை பதினொன்றே காலுக்கு வந்த அந்த அம்மாவுக்கு மாலை ஐந்து மணிக்குள் ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். சந்தேகப் பட்டியலையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் இரண்டே பேர். ஒருவர் அவருடைய கணவர், இன்னொருவர் கூடப்பிறந்த தம்பி.

"வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாமே, எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று கொழுந்தன் கேட்டான்.

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தார். உடனே அவனுக்கு மூலையில் ஏதோ அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்தது.

லாண்டரிக் கடைக்கு மேல் இருந்த அந்த ஒற்றை அறையின் கதவில் 'துப்பறியும் நிறுவனம்' என்று எழுதியிருந்தது. நிறுவனம் என்றால் அண்ணி, ஒரு மேஜை, கீழேயிருந்து ஏறிவரும் நீராவி, அப்புறம் அண்ணியின் கணவருக்குத் தம்பியான இந்தக் கொழுந்தன். அண்ணி பதினெட்டு வருஷம் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்தவர். கொழுந்தன் பதினொரு வருஷம் கார் ஷோரூமில் விற்பனையாளராக இருந்து, வாடிக்கையாளர்களிடம் உண்மையைப் பேசிய குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவன். அப்படித்தான் அவன் எல்லோரிடமும் சொல்லிவந்தான்.

வந்தவர் ஒரு மோட்டார் பட்டறையின் கவுன்ட்டரில் உட்காருகிறவர். கணவர் மெக்கானிக். தம்பி கம்ப்யூட்டரால் எஞ்சினை டியூன் செய்கிறவன், அதனால் ஊரே அவனை 'லேப்டாப்' என்றுதான் கூப்பிடும். இருவரும் பங்காளிகளாகத் தொழில் தொடங்கிய முதல் வாரத்திலேயே, யார் பெரியவர் என்ற கேள்வி வந்துவிட்டது. தீர்வாகப் பட்டறைத் தரையில் நடுவே ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர், இந்தப் பக்கம் லேப்டாப். ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடக் கூடாது, கேட்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. கோடு போய் முடிகிற இடத்தில் கவுன்ட்டரம்மாவின் நாற்காலி இருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு பல் டாக்டரின் வண்டி. சாதுவான சின்ன கார் அது. டாக்டருக்குப் பந்தய ஆசை வந்து, பெரிய கேம்ஷாஃப்ட்டும் அகலமான காற்றுக் குழாயும் வைக்கச் சொன்னார். அப்படி மாற்றிய எஞ்சின் வேகமாகப் போகும். நின்ற இடத்தில் நிற்கச் சொன்னால்தான் அதற்குப் பிடிக்காது, உதறும், திணறும், அணைந்துபோகும். அதை ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்றில் ஒழுங்காக நிறுத்த லேப்டாப்புக்கு ஆறு வாரம் பிடித்தது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் எண் எண்ணாக மாற்றி, ஒருவழியாகச் சாதித்தான். மூன்று மாதம் வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது.

மூன்று வாரம் முன்னால் ஒரு புதன்கிழமை வண்டி ஆயில் மாற்ற வந்தது. லேப்டாப் அன்று ஊரில் இல்லை. மறுநாள் காலை முதல் சிக்னலிலேயே டாக்டரின் வண்டி அறுநூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் ஏறி இறங்கி உயிரை விட்டது. பின்னால் நின்ற பதினெட்டு வண்டிகளும் ஹாரன் அடித்தன.

"இவர் லேப்டாப்பைத் திறந்து நம்பரை மாத்திட்டார்னு தம்பி சொல்றான். அவனே எதையோ கெடுத்துட்டுப் பழியை என் மேல போடறான்னு இவர் சொல்றார்" என்றார் கவுன்ட்டரம்மா. "இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பத்திரம் எழுதறவர் வரார். பட்டறையைப் பிரிச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடப் போறாங்க. கோடு இருக்கற இடத்துல சுவரு வருமாம்."

"சுவர் வந்தா உங்க நாற்காலி எந்தப் பக்கம்?" என்று அண்ணி கேட்டார்.

கவுன்ட்டரம்மாவுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். பட்டறையில் நிற்கும் வண்டியை இருவரில் ஒருவரும் தொடக் கூடாது என்று பூட்டிச் சாவியை எடுத்து வந்திருந்தார். கவுன்ட்டரில் இருபது சாவி தொங்கும், மாறிவிடாமல் இருக்க டாக்டர் வண்டிச் சாவியில் ஒரு பொட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அண்ணி சாவியை விரலில் மாட்டிக்கொண்டார்.

"உங்க தம்பி அவரோட பழைய ஃபைலோட ஒப்பிட்டுப் பார்த்தாரா?"

"பார்த்தான். ஒரு எழுத்துகூட மாறலையாம்."

"அப்புறம் என்ன?"

"அதுதான் அவனுக்குச் சந்தேகமே. தடயமே இல்லாத அளவுக்குச் சுத்தமா மாத்தியிருக்கார்ங்கறான்."

லாண்டரி நீராவியைக் கையால் விலக்கிக்கொண்டு கொழுந்தன், அந்த மெக்கானிக் லேப்டாப்பைத் திறப்பாரா என்று விசாரித்தான். போன வாரம்தான் அவருக்கு அலாரம் வைக்கச் சொல்லிக் கொடுத்ததாகவும், அது இன்னும் மதியம் மூன்று மணிக்கு அடிப்பதாகவும் பதில் வந்தது.

---

பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண் ரோஜா நிற நகங்களால் மேஜையைத் தட்டியபடி இதைச் சொன்னாள். அண்ணி ஒரு நொடியும் தயங்காமல், கொழுந்தனுக்குக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி என்று சொல்லிவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் கொழுந்தன் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தான். இரண்டு கன்னத்திலும் பஞ்சு. சொல்வதற்கு அவனிடம் அருமையான நான்கு ஜோக்குகள் இருந்தன, நான்கும் பஞ்சுக்குப் பின்னால் வீணாயின.

டாக்டர் ஏற்கனவே கொதித்துப் போயிருந்தார். வண்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் கையில் இருந்த கொக்கி கொழுந்தனின் வாய்க்குள் நடுங்கியது. சிக்னலில் அணைகிறது, பார்க்கிங்கில் அணைகிறது, பெட்ரோல் வாடை வேறு அடிக்கிறது. கெட்டுப்போனவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டே போனார். அண்ணி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். புகார் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"சரிங்க டாக்டர். இந்த மூணு வாரத்துல வண்டியில ஏதாவது நல்லா ஆயிருக்கா?"

டாக்டர் கொக்கியை வெளியே எடுத்தார்.

"நல்லாவா? அதை யாரும் கேக்கலையே." கொஞ்சம் யோசித்தார். "முன்னாடி வண்டி நிக்கறப்போ, கால்மாட்டுல பாம்பு இருக்கற மாதிரி ஒரு சீறல் கேட்டுட்டே இருக்கும். பெரிய எஞ்சின்னா அப்படித்தான்னு லேப்டாப் சொன்னாரு. இப்ப அது இல்ல. ரேடியோவுல நியூஸ் கேக்க முடியுது."

"எப்பலேருந்து இல்ல?"

"ஆயில் மாத்திட்டு வந்த அன்னிலேருந்து. சரி, ஒண்ணாவது உருப்படியா நடந்ததேன்னு விட்டுட்டேன்."

அண்ணி எழுந்து கும்பிட்டார். கொழுந்தனும் எழப் பார்த்தான். டாக்டர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து, வலி என்று பொய் சொன்னாலும் அந்தப் பல்லில் உண்மையிலேயே சொத்தை இருக்கிறது என்று அறிவித்தார்.

---

பட்டறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கொழுந்தனின் இடது கன்னம் மரத்துப்போயிருந்தது, இருந்தாலும் வாய் திரும்பக் கிடைத்ததில் அவனுக்கு நிம்மதி. வழியில் அண்ணி ஒன்றை மட்டும் சொன்னார். கெட்டதைப் பற்றி எல்லோரும் கூட்டிச் சொல்வார்கள், நல்லதைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

பத்திரம் எழுதுபவர் முன்னதாகவே வந்து, காலி டயர் ஒன்றின் மேல் தாள்களைப் பரப்பியிருந்தார். மெக்கானிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கனத்த மனிதர், சட்டைப் பையில் ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா. லேப்டாப் இந்தப் பக்கம். ஒல்லி, கழுத்தில் ஹெட்போன். டாக்டரின் வண்டி கோட்டின் மேல் சரிபாதியாக நின்றிருந்தது. பாவம், அதற்கு யார் பக்கம் சேருவது என்று தெரியவில்லை.

அண்ணி சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்து இருநூறுக்குப் போனது, அறுநூறுக்கு விழுந்தது, மறுபடி ஏறியது. நான்காவது தடவை விழுந்தது எழவில்லை.

"பார்த்தீங்களா?" என்றான் லேப்டாப். "நான் வச்ச நம்பர்ல இப்படி ஆடுமா? மூணு மாசம் கல்லு மாதிரி நின்ன வண்டி. இப்ப நான் திருப்பி டியூன் பண்ணினா, நான் முதல்ல பண்ணினது தப்புன்னு ஆயிடும். கைவைக்க மாட்டேன்."

மெக்கானிக் மேற்கூரையைப் பார்த்து, சிலருக்கு வண்டி ஒரு டெலிவிஷன் என்றார்.

அண்ணி பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினுக்குள் காற்று போகும் அறையின் பின்பக்கமிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் புறப்பட்டது. சுற்றியுள்ள எல்லாம் தூசியும் எண்ணெயுமாக இருக்க, அது மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது. எஞ்சினில் இருந்த ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் ஒரு வெள்ளைக் கோடு. முறுக்கி முடித்ததும் பெயின்ட் பேனாவால் அடையாளம் வைப்பது மெக்கானிக்கின் சட்டம், அடையாளம் இல்லாத ஸ்க்ரூ அவரைப் பொறுத்தவரை முறுக்காத ஸ்க்ரூ. புது ஹோஸின் கிளிப்பிலும் அடையாளம் இருந்தது. செங்கல் நிறத்தில், பளபளப்பாக.

"இது உங்க வேலையா?" என்று அண்ணி கேட்டார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வீம்பு கொஞ்சம் இறங்கியது. "என் கோடு வெள்ளை. இது நான் இல்ல. ஆயிலை மாத்தி வச்சுட்டுச் சாப்பிடப் போனேன், அவ்வளவுதான்."

லேப்டாப் பக்கம் அண்ணி திரும்புவதற்குள் அவன், தான் ஹோஸைத் தொட்டு நாலு வருஷமாகிறது என்றான்.

கொழுந்தனுக்குப் புல்லரித்தது. இது நகப்பூச்சு. அப்படியென்றால் ஒரு பெண். மெக்கானிக்குக்குத் தெரியாமலோ தெரிந்தோ பட்டறைக்குள் வந்துபோகிற ஒரு பெண். கோணிய வாயால் அவன் அண்ணியின் காதில், கிளினிக் ரிசப்ஷனில் தட்டிக்கொண்டிருந்த நகங்களை நினைவுபடுத்தினான். டாக்டரைப் பழிவாங்க அவளுக்கு நூறு காரணம் இருக்கும், தனக்கே இப்போது ஒன்று இருக்கிறது என்றான்.

"அவளோடது ரோஸ்" என்றார் அண்ணி. "அதுவும் இல்லாம, பழிவாங்க வர்றவ புது ஹோஸ் வாங்கி மாட்டி, கிளிப்பை முறுக்கி, முறுக்கினதுக்கு அடையாளமும் வச்சுட்டா போவா?"

பிறகு விரலில் இருந்த சாவியைக் கழற்றி, கிளிப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். சாவியின் தலையில் கவுன்ட்டரம்மா வைத்த பொட்டும் செங்கல் நிறம்தான்.

"நீங்க நகத்தைத் தேடினீங்க, கொழுந்தனாரே. பாலீஷ் வாங்கறவங்க எல்லாரும் நகத்துல வைக்கணும்னு இல்லையே."

மூன்று ஆண்களும், பத்திரம் எழுதுபவரும் சேர்த்தால் நான்கு, கவுன்ட்டர் பக்கம் திரும்பினார்கள். கவுன்ட்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். அவர் நகங்களில் பாலீஷின் சுவடுகூட இல்லை. குற்றவாளியைத் தேடித்தரச் சொன்ன கட்சிக்காரர் தன் முகவரியையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது கொழுந்தனுக்கு மெதுவாக உறைத்தது.

"நான்தான் மாத்தினேன்" என்றார் கவுன்ட்டரம்மா. "அதுக்கும் இதுக்கும் என்னங்க? அன்னிக்கு இவர் சாப்பிடப் போயிருந்தார். வண்டியை நகர்த்தி விடலாம்னு கிளப்பினேன், உஸ்ஸுன்னு சத்தம். பார்த்தா ஹோஸ்ல விரிசல். கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் நானும் இவர்கூட வண்டிக்கு அடியில படுத்தவதானே. பத்து நிமிஷ வேலை. பேனா இவர் பையில போயிடுச்சு, அதான் சாவிக்கு வைக்கறதை வச்சேன். சொன்னா, கவுன்ட்டரைப் பாருன்னு ரெண்டு பேரும் சொல்வீங்க. சொல்லலை." அண்ணி பக்கம் திரும்பினார். "சரி பண்ணினா கெட்டுப்போகும்னு யாருக்குங்க தோணும்?"

"பழைய ஹோஸ் இருக்கா?" என்று மட்டும் அண்ணி கேட்டார்.

இருந்தது. கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் பார்க்கும் வரை தூக்கிப்போடக் கூடாது என்பதும் மெக்கானிக்கின் சட்டம். கவுன்ட்டர் இழுப்பறையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் வந்தது. ஹோஸின் நடுவே ஒரு விரிசல், நகம் நுழையும் அளவு. அண்ணி அதை மெக்கானிக்கிடம் நீட்டாமல் கவுன்ட்டரம்மாவிடமே திருப்பிக் கொடுத்து, மாட்டச் சொன்னார்.

கவுன்ட்டரம்மா கோட்டைத் தாண்டி வந்து குனிந்தார். கைப்பழக்கம் மறக்கவில்லை. நல்ல ஹோஸ் வெளியே வந்தது, கிழிந்த ஹோஸ் உள்ளே போனது. அண்ணி சாவியைத் திருப்பினார்.

வண்டி சீறியது. முள் மேலே போய், இறங்கி, தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அரை நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று, முள் அசையவில்லை. எஞ்சின் மேல் இருந்த ஸ்பேனர்கூட அதிரவில்லை.

"எங்க ஆபீஸ்ல மாசம் நாலு போன் இப்படி வரும்" என்றார் அண்ணி. "ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கும். தெரியாம, குளிர் பத்தலைன்னு திருகை ஏத்தி வச்சுப் பழகிடுவாங்க. ஒருநாள் வீட்ல யாரோ நல்லெண்ணத்துல ரப்பரை மாத்திடுவாங்க. அடுத்த நாள் பால் உறைஞ்சுபோச்சு, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு நம்மகிட்ட சண்டைக்கு வருவாங்க."

லேப்டாப்புக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. விரிசல் வழியாகத் திருட்டுத்தனமாகக் காற்று நுழைந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கள்ளக் காற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் அவன் ஆறு வாரம் எண்களைச் செதுக்கியிருக்கிறான். எல்லா எண்ணும் சரி, ஓர் ஓட்டைக்குச் சரி. டியூன் பண்ணும் முன் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம், அந்தப் பாடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டது.

"மாமா, உங்களுக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்குமே" என்றான் அவன்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "முதல் நாளே கேட்டுச்சு."

"சொல்லலையே?"

"நீ கேக்கலையே. கேக்காம கருத்துச் சொல்லக் கூடாதுன்னுதானே பேச்சு. அப்புறம் ஒருநாள் சத்தம் நின்னுபோச்சு. சரி, நம்மகிட்ட சொல்லாம நீயே மாத்திக்கிட்டேன்னு நினைச்சேன்."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது, மரத்த கன்னம் ஒத்துழைக்கவில்லை. கூடவே அவனுக்கு வருத்தமாகவும் இருந்தது. பிரிவதற்கு இவர்கள் எவ்வளவு ஒழுங்காக விதிகளைக் கடைப்பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தான்.

கவுன்ட்டரம்மா வண்டியை அணைத்தார். கிழிந்த ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை மறுபடி மாட்டி, கணவரின் சட்டைப் பையில் கைவிட்டு வெள்ளைப் பேனாவை எடுத்துக் கிளிப்பில் கோடு போட்டார். தம்பியைப் பார்த்து லேப்டாப்பை எடுத்து வரச் சொன்னார், கணவரைப் பார்த்துக் காதைக் கொடுக்கச் சொன்னார். இருவரும் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்க்காமல் வந்து வண்டியின் மேல் குனிந்தார்கள். லேப்டாப் ஓர் எண்ணை ஏற்றினான், மெக்கானிக் தலையை ஆட்டினார், லேப்டாப் அதை இறக்கினான். சீறல் இல்லாமல் முள் எழுநூற்றைம்பதைத் தொட்டது, எண்ணூற்றுப் பத்தைத் தொட்டது. "இன்னும் கொஞ்சம் காத்து குடு" என்றார் மெக்கானிக். ஐந்தே முக்காலுக்கு வண்டி வாயை மூடிக்கொண்டு தொள்ளாயிரத்தில் நின்றது.

பத்திரம் எழுதுபவர் தொண்டையைச் செருமி, கையெழுத்து உண்டா இல்லையா என்று கேட்டார். மாமாவும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாளை வாங்கிக் கிழித்துவிடலாம் என்று மெக்கானிக் கை நீட்டினார்.

கவுன்ட்டரம்மா முந்திக்கொண்டார். தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். எண்ணெய் படிந்த கட்டைவிரல் ஓரத்தில் பதிந்தது.

"பிரிக்கறதுக்கு எழுதினதைக் கிழிச்சுடுங்க" என்று பத்திரம் எழுதுபவரிடம் சொன்னார். "புதுசா ஒண்ணு எழுதணும், சேர்ந்து நடத்தறதுக்கு. அதுல பங்காளிங்க எத்தனை பேர்னு இவங்க ரெண்டு பேரையும் கேளுங்க."

பத்திரம் எழுதுபவர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மாமாவும் மச்சானும் கோடு போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"மூணு பேர்."